மீதி புள்ளி நான்கு

எங்கள் அலுவலகத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிப் பேசும் வழக்கம் கிடையாது. சதவீதம்தான். "நேத்து இருபது பெர்சென்ட் போயிட்டாங்க" என்று லிஃப்டில் யாராவது சொன்னால் வெளியாள் பதறிப்போவார். பதற வேண்டாம். யாரும் சாகவில்லை. பழைய கதவிலிருந்து புதிய கதவுக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தரமணியில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு அறுநூறு ஆஸ்பத்திரிகளை இப்படிக் கதவு மாற்றிக்கொண்டிருந்த குழுவுக்கு நான் தலைவன். பெயர் சிதம்பரதாணு. வயது நாற்பத்தாறு, இங்கே பதினான்கு வருடச் சேவை. தலைவன் என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மேலேயிருந்து வருவதற்குத் தலையை ஆட்டிவிட்டுக் கீழே தள்ளிவிடும் வேலை. தஞ்சாவூர் பொம்மைக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் என் இடத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் விற்கும் மென்பொருளின் பெயர் 'பேழை'. நோயாளி, மருந்து, ரத்தம், பிணவறை என்று ஆஸ்பத்திரியின் சகலமும் அதற்குள் இருக்கும். அதுவோ எங்கோ கண்காணாத சர்வரில் இருக்கும். உள்ளே நுழைய இத்தனை காலம் ஒரு பாஸ்வேர்டு போதுமாக இருந்தது. புதிய கதவுக்கு 'நாடி' என்று பெயர் வைத்தார்கள். பாஸ்வேர்டு வேண்டாம், விரல் வைக்க வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். நீங்கள் என்ன வேகத்தில் தட்டச்சு செய்கிறீர்கள், எந்த இடத்தில் தயங்குகிறீர்கள், எதை முதலில் திறக்கிறீர்கள், எதற்குச் சரி என்பீர்கள், எதற்கு முடியாது என்பீர்கள் என்பதையெல்லாம் வைத்து, நீங்கள் நீங்கள்தானா என்று அது சொல்லிவிடும். 'பாஸ்வேர்டைத் திருடலாம், ஆளைத் திருட முடியுமா?' என்பது விளம்பர வாசகம். இந்த ஒரு வரிக்கு மூன்று மாதம் கூட்டம் போட்டார்கள். எல்லாக் கூட்டத்திலும் முந்திரி பக்கோடா உண்டு.

ஒரே நாளில் மாற்றினால் ரகளையாகிவிடும் என்று படிப்படியாக மாற்றினோம். முதல் ஒன்றரை வருடம் ஆட்களைப் பழைய கதவு வழியாகவே விட்டுக்கொண்டிருந்தோம். நாடி ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பார்த்துப் படித்துக்கொண்டது. பிறகு ஒரு சதவீதம், ஐந்து, இருபது, ஐம்பது. முதல் ஒரு சதவீதம் கம்பெனி ஆட்களான நாங்களே. ஒவ்வொரு படிக்கும் முன்னால் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புவது என் பொறுப்பு. 'தங்கள் அனுபவத்தை மேலும் இனிமையாக்கும் பொருட்டு' என்று ஆரம்பிப்பேன். பிணத்துக்குச் சீட்டு எழுதுகிறவனுக்கு என்ன இனிமையான அனுபவம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன்.

தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஆறில் வண்டி நின்றுவிட்டது.

துணைத் தலைவர் நவநீதன் என்னைக் கூப்பிட்டார். ஒரு நாளைக்கு நான்கு தடவை 'மக்களுக்காக' என்று சொல்லும் மனிதர். மக்களில் ஒருவர்கூட அவரிடம் போனில் பேசியதில்லை.

"தாணு, அந்த வாலை வெட்டுங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பழைய கதவை மூடறோம். சிங்கப்பூர் ஹெட் ஆபீஸ்லேர்ந்து லைவ்ல பார்க்கறாங்க. கேக் ஆர்டர் பண்ணியாச்சு. மேல நூறுன்னு எழுதச் சொல்லியாச்சு."

"மீதி புள்ளி நாலு ஏன் வர மாட்டேங்குதுன்னு பார்க்கட்டுமா சார்?"

"பாருங்க. ஆனா எதையும் கண்டுபிடிச்சுடாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பதினான்கு வருடமாக அவர் சிரித்த எல்லா இடத்திலும் நானும் சிரித்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை, பட்டியலில் முதலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஜெபக்கனி, ரத்த வங்கி டெக்னீஷியன், பாளையங்கோட்டை. நாடி அந்த அம்மாளைப் பத்தொன்பது தடவை வெளியே தள்ளியிருந்தது.

இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "வணக்கம் மேடம், பேழையிலேர்ந்து சிதம்பரதாணு பேசறேன். புதுக் கதவு உங்களுக்கு ரொம்ப சுலபமா இருக்கும்..."

"இல்ல சார். நான் நானில்லன்னு சொல்லுது. பதினோரு சதவீதந்தான் ஒத்துப்போவுதாம். எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். அதே கூடுதல்னுட்டாரு."

என் திரையில் அவளுடைய பதிவேடு இருந்தது. ஜெபக்கனி என்ற பெயர் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வேலை செய்திருந்தது. ஞாயிறு, கிறிஸ்துமஸ் எதுவும் பாக்கியில்லை.

"மேடம், நீங்க தூங்கறதே இல்லையா?"

"எட்டுப் பேரு இருக்கோம்லா சார். ஷிஃப்ட்டு."

"எட்டுப் பேரும் உங்க பேர்லயா உள்ள போறீங்க?"

"எட்டு வருசத்துக்கு முன்ன உங்க கம்பெனி ஆளு வந்து, ஒரு லாகின் போதும்னுட்டாரு. அன்னைக்கு ட்யூட்டில நான் இருந்தேன். என் பேரு ஏறிட்டு. பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் மேலயே ஒட்டியிருக்கு. புதுசா வேலைக்கு வாரவங்களுக்கு மொத நாளு டீயும் பாஸ்வேர்டும் குடுத்துருவோம். குடுக்கலன்னா என்னைய நம்பலியான்னு மொகத்தத் தூக்கி வச்சிக்கிடுவாவ. ஒருக்க மாத்திட்டுச் சொல்ல மறந்துட்டேன். கூட இருக்க மைதீன் ஒரு வாரம் எங்கிட்ட பேசல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பூட்டுக்குச் சாவி செய்து கொடுத்தால் அதை உறைமோர் மாதிரி அக்கம்பக்கத்துக்கு ஊற்றிக் கொடுக்கிற ஜனங்கள். இவர்களுக்காகத்தான் உலகத்தரம் என்று நாங்கள் ஒன்பதாவது மாடியில் முட்டி மோதிக்கொண்டிருந்தோம். இன்னொன்றும் உறைத்தது. ஒரு லாகின் போதும் என்று சொன்னது எங்கள் ஆள். அவனைவிடக் கேவலமானவர்கள், எட்டு வருடத்தில் அங்கே போய் ஒரு தடவை எட்டிப் பார்க்காத நாங்கள்.

"மேடம், நாடி ஒன்றரை வருஷமா உங்க எட்டுப் பேரையும் பார்த்து ஒரே ஆள்னு நினைச்சுப் படிச்சிருக்கு. எட்டுப் பேரையும் சேர்த்து ஒரு ஜெபக்கனியைச் செஞ்சு வச்சிருக்கு."

"அப்ப அந்த ஜெபக்கனி யாரு சார்?"

"யாருமில்லை. எட்டுப் பேரையும் போட்டு ஆட்டி வழிச்ச மாவு."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"இப்ப தட்டுதது எஸ்தர். ரெண்டு எழுத்து அடிப்பா, ஒரு எழுத்தை அழிப்பா. சுடலைமுத்து ஒத்த விரலு, மரங்கொத்தி கணக்கா. கம்ப்யூட்டர் எனக்கு முதுகுக்குப் பின்னால கெடக்கு சார். நான் ஃபிரிட்ஜைப் பாத்து நிப்பேன். சத்தத்த வச்சே ஆளு யாருன்னு சொல்லிருவேன். இது தெரியாத மிஷினுக்கா நாடின்னு பேரு வச்சிருக்கிய?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே தொடர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை பழசை மூடிட்டா ஃபிரிட்ஜ் தொறக்காதுல்லா?"

ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டியின் பூட்டும் பேழையோடு இணைந்தது. எந்தப் பை யாருக்குப் போனது என்று பதிந்தால்தான் திறக்கும். அந்த யோசனைக்கு எங்களுக்கு ஒரு விருதுகூடக் கிடைத்திருந்தது.

இரண்டு தடவை கனைத்தேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம்."

"சார், தப்பா நெனைக்காதிய. நீங்க ரெண்டு தடவ கனைச்சா அடுத்து வாரது பொய்யி. போனை எடுத்ததுலேந்து கவனிக்கேன். நெசமா என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதனைப் படித்துவிட்டாள். நாடிக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் உண்மையைச் சொன்னேன்.

"பழைய கதவை இன்னும் ஆறு வாரம் திறந்து வைக்கணும். உங்க எட்டுப் பேருக்கும் தனித்தனிப் பேர் குடுத்து, நாடியை முதல்லேர்ந்து படிக்க விடணும். அதுக்கு வெள்ளிக்கிழமை நடக்கறதை நிறுத்தணும். நிறுத்தற பட்டன் ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

"யார்ட்ட?"

"என்கிட்ட."

"அமுக்குவியளா?"

"அமுக்கறேன்."

கனைக்கவில்லை. அவள் அதையும் கவனித்திருப்பாள்.

வியாழக்கிழமை நவநீதனிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேக் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்ற குழப்பத்தில் இருந்தார்.

"அந்தம்மா எத்தனை பெர்சென்ட்?"

"தனியாப் பார்த்தா சைபர்னுதான் சார் வரும்."

"நீங்களே சொல்லிட்டீங்க. ஒரு வாரம் பேப்பர்ல எழுதிக்கட்டும்."

"பேப்பருக்குப் பூட்டு திறக்காது சார்."

"தாணு, நீங்க எப்பவும் நெகட்டிவ்வா பேசறவர் இல்லையே."

நான் சிரித்தேன். வாய் தானாகவே சிரித்தது.

வெள்ளிக்கிழமை பத்து முப்பத்தைந்துக்கு ஜெபக்கனி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"சார், ஒரு புள்ளப்பேறு கேஸு. ரெண்டாம் பிரசவம். ரத்தம் நிக்கல. ரெண்டு பை குடுத்துட்டேன், டாக்டர் இன்னும் நாலு கேக்காரு. பொருத்தம் பாத்துக்கிட்டு இருக்கேன், பதினொண்ணு பத்து ஆவும். பாக்காம குடுக்க முடியாது. முன்கூட்டியே எடுத்து வெளிய வச்சா கெட்டுரும். நீங்க அமுக்கிட்டியளா?"

"இதோ."

நிறுத்தும் பொத்தான் சிவப்பாக இருக்கும். பதினான்கு வருடத்தில் அதன் மேல் என் விரல் பட்டதில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'பாளையங்கோட்டையில் ஒரு பெண் செத்துவிடுவாள்' என்று தட்டினேன். அமுக்கினேன்.

திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு இப்படி எழுதியது:

'வணக்கம். இந்தச் செயல் திரு. சிதம்பரதாணுவின் இயல்போடு ஒத்துப்போகவில்லை. இதுவரை அவர் அளித்த ஒப்புதல்கள்: 3,112. மறுப்புகள்: 0. பாதுகாப்புக் கருதி இந்தக் கணக்கு மூடப்படுகிறது. தங்கள் அனுபவம் இனிதாகட்டும்.'

கடைசி வரி நான் எழுதிக் கொடுத்தது.

மறுபடி தட்டினேன். கை நடுங்கியது. நடுங்குகிற கையும் என் கை இல்லை என்றது நாடி. மூன்றாவது தடவை திரை கறுத்துவிட்டது. பதினான்கு வருடத்தில் எனக்கு எத்தனையோ மதிப்பீட்டு அறிக்கைகள் வந்திருக்கின்றன. எல்லாம் 'சிறப்பு', 'மிகச் சிறப்பு'. முதல்முறையாக ஒரு யந்திரம் என்னைப் பற்றி உண்மையை எழுதியிருந்தது.

ஓடினேன். கூட்ட அறையில் நவநீதன் மைக்கோடு நின்றிருந்தார். சுவரில் சிங்கப்பூர் தெரிந்தது.

"ஒரு நல்ல செய்தி!" என்றார் எல்லோரையும் பார்த்து. "பத்து நாற்பதுக்கு யாரோ நம்ம தாணு பேர்ல உள்ள நுழைஞ்சு எல்லாத்தையும் நிறுத்தப் பார்த்திருக்கான். நாடி புடிச்சிருச்சு!"

கைதட்டினார்கள். சிங்கப்பூரும் கைதட்டியது.

"சார், அது நான்தான்" என்றேன்.

சிரிப்பு. நவநீதன் என் தோளில் கை போட்டுக்கொண்டார். "நீங்களா? உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா தாணு?"

"சத்தியமா நான்தான் சார். ரத்தம் கேட்டு ஒரு பொம்பளை..."

"டென்ஷன்ல இருக்காரு. தண்ணி குடுங்கப்பா."

பதினோரு மணிக்குக் கதவு மூடியது. சுவரில் நூறு என்று வந்தது. என் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்தார்கள். ஒன்றுக்குப் பின்னால் வரும் முதல் சைபர் என் பங்குக்கு வந்திருந்தது.

பதினொன்று பன்னிரண்டுக்கு அவளிடமிருந்து போன். "சார், தொறக்கல."

"அமுக்கினேன். நான் நானில்லைன்னு சொல்லிடுச்சு."

"உங்களையுமா?" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். "சரி சார், வைங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர் ஸ்பானர் இருக்கு. பூட்டை ஒடைக்கேன்."

உடைத்தாள். அந்தப் பெண் பிழைத்தாள். சாயங்காலம் ஜெபக்கனியைச் சஸ்பெண்ட் செய்தார்கள். 'அடையாளம் உறுதி செய்யப்படாத நபர் ரத்தக் குளிர்பெட்டியை உடைத்துத் திறந்தார்' என்பது குற்றச்சாட்டு. இருபத்தாறு வருடமாக அந்த அறையில் நிற்கிறவள்தான் அடையாளம் உறுதி செய்யப்படாத நபர்.

என் கணக்கைத் திரும்பத் திறக்க, "வழக்கம்போல ஒரு மெயில் அடிங்க, அதுவே புரிஞ்சிக்கும்" என்றார்கள் பாதுகாப்புப் பிரிவில். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன்' என்று தட்டினேன். மூன்றாவது சொல்லிலேயே கதவு திறந்துவிட்டது. நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

நான்கு நாள் கழித்து ஜெபக்கனி கூப்பிட்டாள். "அடுத்த செவ்வாக்கிழமை விசாரணை சார். பழசை மூடுனா எங்களுக்கு இப்படி ஆவும்னு உங்களுக்கு முன்னமே தெரியும்னு ஒரு கடுதாசி எழுதித் தாறியளா? வேலை போனா போவுது சார். திருடின்னு எழுதிட்டா வேற எங்கயும் சேத்துக்கிட மாட்டாவ."

"கையால எழுதி அனுப்பறேன்" என்றேன். கையெழுத்துக்கு நாடி கிடையாது என்ற தைரியம்.

வெள்ளைத்தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பேனா தானாக ஓடியது. முதல் வரியைப் படித்துப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன்.' மிஷினைத் திட்டி என்ன பயன்? கிழித்துப் போட்டேன். இரண்டாவது தாளில் பணிவு இல்லை. 'எங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஜெபக்கனி பூட்டை உடைத்திருக்காவிட்டால் கொலைப்பழி எங்கள் மேல்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். முட்டாள்.

திங்கட்கிழமை நவநீதன் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு லெட்டரை ஸ்கேன் பண்ணி அனுப்பிச்சிருந்தாங்க. உங்க பேர்ல. நாடிகிட்ட குடுத்து, உங்களோட பதினாலு வருஷ மெயிலோட ஒப்பிட்டுப் பார்த்தோம். நாலு பெர்சென்ட்தான் ஒத்துப்போகுது! அந்தம்மாவே எழுதி உங்க கையெழுத்தைப் போட்டிருக்கு. ஃபோர்ஜரின்னு பதில் அனுப்பியாச்சு. எனக்கு அப்பவே தெரியும் தாணு. நீங்க அப்படியெல்லாம் எழுதற ஆள் இல்லை."

இப்படியாக, நான் வாழ்க்கையில் எழுதிய ஒரே நிஜமான கடிதம் அவள் மேல் இரண்டாவது குற்றமாக ஏறியது. பூட்டை உடைத்ததற்கு வேலை போகும். கையெழுத்துக்கு ஜெயில்.

"அது என் கையெழுத்துதான்" என்றேன்.

"திரும்பவும் ஆரம்பிக்காதீங்க. ரெண்டு நாள் லீவு எடுங்க."

எடுத்தேன். சாயங்கால ரயிலில் ஏறிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் நின்றேன். விசாரணை அறை வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு டேப்லெட், அருகில் ஓர் உதவியாளர். விசாரணைக்கு வருகிறவர்களையும் நாடி பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. போன மாதம் நாங்கள் இலவசமாகக் கொடுத்த வசதி அது. அதை அறிவித்த மின்னஞ்சலும் என்னுடையது.

"பேரு சார்?"

"சிதம்பரதாணு. பேழை கம்பெனி."

"இதுல ஒரு வரி அடிங்க."

எந்த வரிக்குக் கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும். பணிவோடு போனால் உள்ளே விடும். ஆனால் அப்படி உள்ளே போகிறவன் அந்தக் கடிதத்தை எழுதியவன் அல்லவே. அந்தப் பழைய ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே என்ன செய்ய? 'அந்தக் கடிதம் நான் எழுதியது' என்று தட்டினேன்.

திரை சிவந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு, "நீங்க அவரு இல்லையாம் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே ஒரு நாற்காலியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நரைத்த கொண்டையும் வெளுத்த நீலப் புடவையுமாக ஓர் அம்மாள். அவளை நான் பார்த்ததே இல்லை. அவளும் என்னைப் பார்த்ததில்லை. நடுவில் இருந்தவர் படித்துக்கொண்டிருந்தார்: "இந்தக் கடிதத்தை எழுதியதாகச் சொல்லப்படும் சிதம்பரதாணு என்பவர் அதை எழுதவில்லை என்று அவருடைய நிறுவனம்..."

கத்த வேண்டும் போலிருந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்தேன். இன்னொரு தடவை கனைத்தேன்.

அந்த அம்மாள் திரும்பவில்லை. நேரே அவர்களைப் பார்த்தபடியே கையை மட்டும் வாசல் பக்கம் நீட்டினாள்.

"அய்யா, அந்தக் கடுதாசி எழுதுனவரு வாசல்ல நிக்காரு. உள்ள கூப்பிடுங்க."